பெஞ்சில் இருந்தவர்களுக்கும் பெருமை தேடித் தந்த ரெட் ஹோல்ஸ்மன்

கூடைப் பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு 5 பேர் களத்தில் நிற்பார்கள். ஆனால் பந்து ஒன்றுதான்!

பந்தைக் கூடையில் போடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வரும். மற்ற நால்வரைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். களத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்களின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது.

அந்தப் பெஞ்சில் இருந்தவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு வேலை கொடுத்து, நியூயார்க் அணிக்கு இரண்டு முறை சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர் ரெட் ஹோல்ஸ்மன். அமெரிக்கக் கூடைப் பந்து உலகின் மிகச் சிறந்த பயிற்சியாளர்களில் ஒருவர்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஹோல்ஸ்மன் 1920-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் யூதர்கள். தாய் ருமேனியாவில் இருந்தும், தந்தை ரஷ்யாவில் இருந்தும் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கு வந்தவர்கள்.

பிள்ளைக்கு வைத்த பெயர் வில்லியம். தலைமுடி சிவப்பாக இருந்ததால் எல்லோரும் "ரெட்" என்றே கூப்பிட்டார்கள். கடைசி வரையில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

வளர்ந்தது புரூக்ளின் பகுதியில். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆட்டம் கூடைப் பந்துதான். ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் போதும், தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஆடலாம்.

ஹோல்ஸ்மன் உயரமானவர் அல்ல. 5 அடி 10 அங்குலம்தான். உயரத்தால் ஜெயிக்க முடியாதவர் மூளையால் ஜெயிக்க வேண்டும் என்பதை அவர் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டார்.

பிறகு நியூயார்க் சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அங்கே படிப்புக்குச் சம்பளம் கிடையாது. நாட் ஹோல்மன் என்ற புகழ் பெற்ற ஆட்டக்காரர் அங்கே பயிற்சி கொடுத்து வந்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே, மற்றவனுக்குக் கொடு, கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இரு என்பது அவர் கற்றுக் கொடுத்த பாடம். மாணவர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

1942-ல் பட்டம் பெற்றார். அது இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். கடற்படையில் சேர்ந்தார். போர் முடிந்த 1945-ம் ஆண்டில் ராச்செஸ்டர் ராயல்ஸ் என்ற அணியில் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார்.

மூன்றாவது ஆள்

தொடக்கத்தில் ஹோல்ஸ்மன் ராச்செஸ்டர் அணியின் முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். பிறகு அவருடைய இடத்தில் ஆட அவரைவிடப் பெயர் பெற்றவர்கள் இருந்தார்கள். பாப் டேவிஸ், பாபி வான்சர் என்ற இருவரும் அணியின் முன்னணி ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு அடுத்த ஆளாகப் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து ஆடும் வேலை ஹோல்ஸ்மனுக்கு வந்தது.

1951-ல் அந்த அணி தேசிய லீக் பட்டத்தை வென்றது. இறுதிப் போட்டியில் அது தோற்கடித்தது எந்த அணியைத் தெரியுமா? நியூயார்க் நிக்ஸ் அணியை! பின்னாளில் எந்த அணிக்கு ஹோல்ஸ்மன் பட்டம் வாங்கித் தந்தாரோ, அதே அணியை.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் மனம் என்ன பாடுபடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். சும்மா உட்கார்ந்திருப்பது வேறு, ஒரு வேலைக்காகக் காத்திருப்பது வேறு என்பதும் தெரியும்.

வேலை போயிற்று

1954-ல் மில்வாக்கி ஹாக்ஸ் என்ற அணிக்கு ஹோல்ஸ்மன் பயிற்சியாளர் ஆனார். அது தோற்றுக்கொண்டே இருந்த அணி. அடுத்த ஆண்டு அது செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்த அணிக்குப் பாப் பெட்டிட் என்ற இளைஞர் வந்தார். கல்லூரியில் அவர் நடு ஆட்டக்காரர், அதாவது கூடைக்கு அருகே நின்று மோதி ஆடுகிறவர். ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் மலை போன்ற உடம்புக்காரர்கள். ஒல்லியான பெட்டிட் அவர்களோடு மோதினால் தாங்க மாட்டார்.

ஹோல்ஸ்மன் யோசித்தார். பெட்டிட்டைக் கூடைக்கு அருகில் இருந்து விலக்கி, முன் வரிசையின் ஓரத்தில் ஆட வைத்தார். இடம் மாறியதும் ஆள் மாறிவிட்டார்! முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம் என்ற பரிசு கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் லீகிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

ஆனாலும் அணிக்குப் போதுமான வெற்றிகள் கிடைக்கவில்லை. 1957 ஜனவரியில் ஹோல்ஸ்மனை வேலையில் இருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டே, 1958-ல், அந்த அணி பட்டம் வென்றது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

பத்து ஆண்டுகள் தேடிய கண்கள்

வேலை இழந்தவருக்கு நியூயார்க் நிக்ஸ் அணி வேறொரு வேலை கொடுத்தது. நாடு முழுவதும் சுற்றி, கல்லூரிகளில் நன்றாக ஆடும் இளைஞர்களைக் கண்டுபிடிக்கும் வேலை.

பத்து ஆண்டுகள் ஹோல்ஸ்மன் ஊர் ஊராக அலைந்தார். கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து பார்த்தார். யார் அதிகப் புள்ளி எடுக்கிறான் என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. பந்து கையில் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான்? தோற்கும்போது ஓடுகிறானா, நடக்கிறானா? இதையும் பார்த்தார்.

நிக்ஸ் அணி அப்போது பரிதாபமான நிலையில் இருந்தது. 1946-ல் தொடங்கிய அணி ஒரு பட்டம்கூட வாங்கவில்லை. 1967-68 பருவத்தில் முதல் 37 பந்தயங்களில் 15 வெற்றி, 22 தோல்வி. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் டிக் மெக்குயர். நிர்வாகிகள் இருவரின் வேலையையும் மாற்றினார்கள். மெக்குயர் ஆள் தேடும் வேலைக்குப் போனார். ஹோல்ஸ்மன் பயிற்சியாளர் ஆனார். அது அவர் ஆசைப்பட்டுக் கேட்ட பதவி அல்ல.

ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள்தான். ஆனால் மிச்சம் இருந்த 45 பந்தயங்களில் அணி 28-ல் வென்றது!

என்ன செய்தார்?

மந்திரம் எதுவும் இல்லை. இரண்டே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எதிரியிடம் பந்து இருக்கும்போது எல்லோரும் தடுக்க வேண்டும். தன் ஆளை மட்டும் பார்த்தால் போதாது, பந்து எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது முதலாவது.

நம்மிடம் பந்து இருக்கும்போது, தடுக்க ஆள் இல்லாமல் தனியாக நிற்பவன் யாரோ அவனுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். அவன் பெரிய ஆட்டக்காரனா, சின்ன ஆட்டக்காரனா என்று பார்க்கக் கூடாது. இது இரண்டாவது.

கேட்பதற்கு எளிது. ஆனால் இதனால் ஒரு பெரிய மாற்றம் ஏற்பட்டது. புள்ளி எடுக்கத் தெரிந்தவன் மட்டுமே முக்கியம் என்ற நிலை போயிற்று. நன்றாகத் தடுப்பவனும், ஓடி வழி உண்டாக்குகிறவனும் முக்கியமானவர்கள் ஆனார்கள்.

வால்ட் பிரேசியர் என்ற இளைஞர் அந்த ஆண்டுதான் அணிக்கு வந்திருந்தார். தொடக்கத்தில் தடுமாறினார். தடுப்பாட்டத்துக்கு மதிப்பு வந்ததும் அவர் மலர்ந்துவிட்டார். எதிரியின் கையில் இருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர் வாங்கினார்.

டிக் பார்னெட் 1965-66 பருவத்தில் பந்தயத்துக்குச் சராசரி 23 புள்ளிகள் எடுத்தவர். 1969-70ல் அவர் எடுத்தது சுமார் 15 புள்ளிதான். புள்ளி குறைந்தது, ஆனால் அணியின் வெற்றி கூடியது.

இடம் மாறிய இருவர்

1968 டிசம்பரில் நிக்ஸ் அணி ஒரு பெரிய மாற்றம் செய்தது. வால்ட் பெல்லமி என்ற நெட்டை ஆட்டக்காரரையும், ஹோவர்ட் கோமைவ்ஸ் என்பவரையும் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து, டேவ் டிபுஷர் என்பவரை வாங்கியது.

பெல்லமி போனதால் நடு இடம் காலியாயிற்று. அதுவரை ஓர இடத்தில் ஆடி வந்த வில்லிஸ் ரீட் தன் சொந்த இடமான நடுவுக்கு வந்தார். 1970-ல் அவர் லீகின் சிறந்த ஆட்டக்காரர்!

பில் பிராட்லியின் கதையும் இப்படித்தான். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் அவர் பெரும் புகழ் பெற்றவர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு போய்ப் படித்துவிட்டு வந்து நிக்ஸ் அணியில் சேர்ந்தார். பின் வரிசையில் ஆட வைத்தார்கள். அங்கே ஆடுகிறவர்களுக்குக் கால் வேகம் வேண்டும். பிராட்லியிடம் அந்த வேகம் இல்லை. கூட்டம் முணுமுணுத்தது.

1969 ஜனவரியில் முன் வரிசையில் ஆடிய கேசி ரசலுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்த இடத்தில் பிராட்லியை ஹோல்ஸ்மன் நிறுத்தினார். பந்து இல்லாமலே ஓயாமல் ஓடி, தனியாக ஓர் இடம் பிடித்து, வந்த பந்தைக் கூடையில் போடுவது பிராட்லிக்குக் கைவந்த கலை. சரியான இடம் கிடைத்ததும் அவர் அணியில் நிலைத்துவிட்டார். இந்தப் பிராட்லிதான் பின்னாளில் 18 ஆண்டுகள் அமெரிக்க செனட் சபை உறுப்பினராக இருந்தவர்.

பவுல் செய்யவே ஓர் ஆள்!

ஹோல்ஸ்மனின் திறமைக்குச் சிறந்த சான்று மைக் ரியார்டன்.

1967-ல் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 12-வது சுற்றில்தான் ரியார்டன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பின்னால் இருப்பவர்கள் தேறுவது அபூர்வம். உடனே அணியில் இடம் கிடைக்கவில்லை. ஓராண்டு ஒரு சிறிய லீகில் ஆடிவிட்டு, 1968-ல் நிக்ஸ் அணிக்கு வந்தார்.

அவருக்கு முதலில் கிடைத்த வேலை விசித்திரமானது. எதிரியைப் பிடித்து பவுல் செய்ய வேண்டும். அவ்வளவுதான்!

ஆட்டத்தை நான்கு கால் பகுதிகளாக ஆடுவார்கள். ஒரு பகுதியில் ஓர் அணி சில பவுல்கள்தான் செய்யலாம். அந்த எல்லையைத் தாண்டினால் தண்டனை கூடும். எல்லைக்கு உள்ளே ஒரு பவுல் மிச்சம் இருந்தால், பகுதி முடியப் போகும் நேரத்தில் அதைச் செலவழித்து எதிரியின் ஓட்டத்தைக் குலைக்கலாம். ஆனால் ஒருவர் 6 பவுல் செய்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். ஆகவே பெரிய ஆட்டக்காரரின் பவுலை அதற்காக வீணாக்கக் கூடாது. அந்த வேலைக்கு ரியார்டன் வருவார். பவுல் செய்வார். திரும்பவும் பெஞ்சுக்குப் போய்விடுவார்.

தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் தேர் திரும்பாது.

ரியார்டன் முகம் சுளிக்கவில்லை. சில விநாடி வேலையையும் முழு மூச்சுடன் செய்தார். ஹோல்ஸ்மன் அதைக் கவனித்தார். விநாடிகள் நிமிடங்கள் ஆயின. அடுத்த பருவத்தில் பிரேசியருக்கும் பார்னெட்டுக்கும் மாற்றாக இறங்கும் முக்கிய ஆட்டக்காரராக ரியார்டன் உயர்ந்துவிட்டார்.

டேவ் ஸ்டால்வொர்த் என்று இன்னொருவர். 1967-ல் 25 வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. இனி ஆட முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். இரண்டு பருவங்கள் வீட்டில் இருந்தார். 1969-ல் மருத்துவர்கள் சம்மதித்ததும் திரும்பி வந்தார். அவருக்கும் பெஞ்சில் ஓர் இடமும் ஒரு வேலையும் காத்திருந்தன.

பட்டம் கிடைத்தது

1969-70 பருவம் பிறந்தது. நிக்ஸ் அணி தொடர்ந்து 18 பந்தயங்களில் வென்றது. அது அந்த நாளில் ஒரு புதிய சாதனை. மொத்தம் 82 பந்தயங்களில் 60 வெற்றி!

இறுதிப் போட்டியில் எதிரி லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ். அந்த அணியில் 7 அடி 1 அங்குல உயரமுள்ள வில்ட் சேம்பர்லின் இருந்தார். ஜெர்ரி வெஸ்டும் இருந்தார். 7 பந்தயங்களில் 4 வென்றவருக்குப் பட்டம்.

இரு அணிகளும் தலா இரண்டு வென்றிருந்தன. மே 4-ந் தேதி ஐந்தாவது பந்தயம். முதல் பகுதியிலேயே வில்லிஸ் ரீட் தொடைத் தசை கிழிந்து கீழே விழுந்தார். இனி அந்த மலையைத் தடுப்பது யார்?

பாதி ஆட்டம் முடிந்தபோது நிக்ஸ் 13 புள்ளி பின்தங்கி இருந்தது. இடைவேளையில் பிராட்லி ஒரு யோசனை சொன்னார். நடு ஆட்டக்காரரே இல்லாமல், எல்லோரும் பரவி நின்று வேகமாகப் பந்தைக் கடத்தலாம் என்றார். பயிற்சியாளர் என்ற கௌரவத்தை ஹோல்ஸ்மன் பார்க்கவில்லை. நல்ல யோசனை என்று உடனே ஏற்றுக்கொண்டார்.

6 அடி 6 அங்குல டிபுஷரும், மாரடைப்பில் இருந்து பிழைத்து வந்த ஸ்டால்வொர்த்தும் மாறி மாறி சேம்பர்லினைத் தடுத்தார்கள். சேம்பர்லினுக்குப் பந்து போகும் வழியை மற்றவர்கள் அடைத்தார்கள். ரசல் பெஞ்சில் இருந்து வந்து புள்ளி சேர்த்தார். 107-க்கு 100 என்று நிக்ஸ் வென்றது!

ஆறாவது பந்தயத்தில் சேம்பர்லின் 45 புள்ளி எடுத்துப் பழி தீர்த்தார். மே 8-ந் தேதி கடைசிப் பந்தயம். ரீட் நொண்டிக்கொண்டே களத்துக்கு வந்து முதல் இரண்டு கூடைகளைப் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. பிரேசியர் 36 புள்ளி எடுத்தார். அத்துடன் 19 முறை மற்றவர்கள் கூடை போடப் பந்து கொடுத்தார். 113-க்கு 99. நியூயார்க் நகருக்கு முதல் பட்டம்!

அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற பரிசு ஹோல்ஸ்மனுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு ஓர் உதவிப் பயிற்சியாளர்கூட இல்லை.

பெஞ்சின் வேதனை

எல்லோருக்கும் எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை.

கேசி ரசல் 1966-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கணுக்கால் குணமாகித் திரும்பியபோது அவர் இடத்தில் பிராட்லி இருந்தார். ரசலுக்குப் பெஞ்சு கிடைத்தது. 1971-ல் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே முதல் வரிசையில் ஆடினார். சராசரி 21 புள்ளிகள் எடுத்து, 1972-ல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் பந்தயத்துக்கும் தேர்வானார்.

அதே 1971-ல் ரியார்டனும் ஸ்டால்வொர்த்தும் பால்டிமோர் அணிக்குப் போனார்கள். பதிலுக்கு எர்ல் மன்ரோ வந்தார். ஒரு காலத்தில் பவுல் செய்யவே வந்த ரியார்டன், 1972-73ல் தன் புது அணியில் சராசரி 18 புள்ளிகள் எடுத்தார்!

பெஞ்சில் இருப்பவன் திறமை குறைந்தவன் அல்ல என்பதற்கு இவர்களே சாட்சி. அணியின் வெற்றிக்காக அவர்கள் கொடுத்த விலையும் சிறியதல்ல.

புதிதாக வந்த மன்ரோ பெரிய நட்சத்திரம். சராசரி 20 புள்ளிக்கு மேல் எடுத்து வந்தவர். அவரும் முதலில் பெஞ்சில் இருந்துதான் வந்தார். சராசரி 12 புள்ளியாகக் குறைந்தது. தன் ஆட்டத்தை அணிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்.

அதன் பலன் 1973-ல் தெரிந்தது. அந்தப் பருவத்தில் பாஸ்டன் அணி 82-ல் 68 பந்தயங்களை வென்றிருந்தது. அதைப் பாஸ்டன் நகரிலேயே, ஏழாவது பந்தயத்தில் நிக்ஸ் தோற்கடித்தது. சொந்த ஊரில் ஏழாவது பந்தயத்தில் பாஸ்டன் தோற்றது அதுவே முதல் முறை. அன்று எதிரியின் ஜோ ஜோ ஒயிட்டைத் தடுக்க, டீன் மெமிஞ்சர் என்ற மாற்று ஆட்டக்காரரை ஹோல்ஸ்மன் இறக்கினார். அது பலித்தது. பிறகு லேக்கர்ஸ் அணியையும் வென்று இரண்டாவது பட்டம்!

இறங்கு முகம்

1974-ல் ரீடும் டிபுஷரும் ஓய்வு பெற்றார்கள். அணி சரிந்தது. பெரிய விலை கொடுத்துப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களை நிர்வாகம் வாங்கியது. பயிற்சியாளர் அதே ஹோல்ஸ்மன்தான். சொன்ன பாடமும் அதே பாடம்தான். ஆனால் 1976, 1977 இரண்டு ஆண்டுகளிலும் அணி இறுதிக் கட்டப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை.

நல்ல பயிற்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலையைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அதை மனமார ஏற்றுக்கொள்ளும் ஆட்களும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது.

1977-ல் ஹோல்ஸ்மன் விலகினார். 1978-ல் மறுபடியும் அழைத்தார்கள். 1982 வரையில் பணியாற்றி ஓய்வு பெற்றார்.

மாணவரின் பெருமை

ஹோல்ஸ்மன் ஊர் ஊராக அலைந்தபோது வடக்கு டக்கோட்டா மாகாணத்தில் கண்டெடுத்த ஓர் இளைஞர் பில் ஜாக்சன். நீண்ட கைகள் கொண்டவர். அவரும் நிக்ஸ் அணியில் பெஞ்சில் இருந்து வந்து ஆடியவர்தான். 1969-70ல் முதுகு அறுவை சிகிச்சையால் அவரால் ஆடவே முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பயிற்சியாளரின் கண்ணோடு ஆட்டத்தைப் பார்த்துப் படித்தார்.

பின்னாளில் ஜாக்சன் பயிற்சியாளர் ஆனார். 1991-க்கும் 2010-க்கும் இடையே சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் அணிகளுக்கு 11 பட்டங்கள் வாங்கித் தந்தார்!

ஹோல்ஸ்மன் புகழைத் தேடிப் போனவர் அல்ல. வெற்றி வந்தால் ஆட்டக்காரர்களைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். 1986-ல் கூடைப் பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. 1996-ல் லீகின் பொன்விழாவின்போது, மிகச் சிறந்த 10 பயிற்சியாளர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1998-ல் அவர் மனைவி செல்மா காலமானார். அதே ஆண்டு நவம்பர் 13-ந் தேதி ஹோல்ஸ்மனும் காலமானார். வயது 78.

நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கின் கூரையில், பெரிய ஆட்டக்காரர்களின் எண்களைக் கொடியாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவற்றின் நடுவே ஹோல்ஸ்மன் பெயரில் ஒரு கொடி. அதில் உள்ள எண் 613. நிக்ஸ் பயிற்சியாளராக அவர் பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கை அது. ரீட், பிரேசியர் போட்ட கூடைகளும், ரியார்டன் செய்த பவுல்களும் அந்த 613-ல் அடக்கம்.